புத்தகத்தில் ஏறாத மெடல்

பட்டாளத்துக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டுக்கு முன்னால் மனப்பாடமாகிற ஒன்று உண்டு. அப்பாவின் நம்பர். ராணுவத்தில் ஆளுக்கு ஒரு நம்பர், சேர்ந்த நாளில் கொடுப்பது. பெயரை எழுதாமல் போட்டாலும் கடிதம் போய்ச் சேரும், நம்பரை விட்டால் சேராது என்று அம்மா சொல்லுவாள். திண்டிவனத்தில் எங்கள் வீட்டில் இன்லேண்டு லெட்டரில் விலாசம் எழுதுவது என் வேலை. அம்மா உள்ளே எழுத வேண்டியதை எழுதி மடித்து, சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டி என்னிடம் நீட்டுவாள். நான் நாக்கைத் துருத்திக்கொண்டு அந்த நம்பரை எழுதுவேன். இன்றைக்கு என் போன் நம்பரைக் கேட்டால் கொஞ்சம் யோசிப்பேன். அப்பாவின் நம்பரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன்.

அப்பா லீவில் வருவது பெரும்பாலும் கத்திரி வெயிலில்தான். அந்த வெயிலில் கம்பளி ஸ்வெட்டரும் பெரிய இரும்புப் பெட்டியுமாக வந்து இறங்குவார். பெட்டியைத் திறந்தால் அந்துருண்டை வாசனையும் கேன்டீன் சோப்பு வாசனையும் கலந்து வரும். முதல் ரெண்டு நாள் எங்களை எழுப்புவதே "ஜல்தி, ஜல்தி" என்றுதான். மூன்றாம் நாள் ஊர்க்காரராகி, லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கேப்பைக் கூழ் கேட்பார். திரும்பிப் போகும்போது அம்மா வேர்க்கடலையில் வெல்லம் சேர்த்து மல்லாட்டை உருண்டை பிடித்து ஒரு பெரிய டின் நிறையக் கொடுத்தனுப்புவாள். அதில் பாதி அப்பாவுக்கு, பாதி மச்சானுக்கு.

மச்சான் என்றால் உறவு இல்லை. கோட்டக்குப்பத்துக்காரர், முஸ்லிம். அப்பாவோடு ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்தவர். எங்கள் பக்கத்தில் பழகிய முஸ்லிம்களோடு மாமன் மச்சான் முறை வைத்துக் கூப்பிடுவது வழக்கம். அதனால் எனக்கு அவர் மாமா, அவர் மனைவி அத்தை. மாமா லீவில் வந்தால் ஒரு நாள் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. "யம்மா தங்கச்சி, உங்க ஊட்டுக்காரரு அங்க சப்பாத்தி சுடுவாரு பாருங்க, இந்தியா மேப்பு மாதிரி இருக்கும்" என்று அப்பாவை வாருவார். அப்பா வாயை மூடிக்கொண்டு சிரிப்பார். வேறு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருக்க மாட்டார்.

பட்டாளம் முடிந்த பிறகு மாமா வளைகுடாவுக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போய்விட்டார். அங்கிருந்து வந்தபோது எனக்குப் பெரிய கத்தரிக்கோல் ஒன்று வாங்கி வந்தார். நான் ஜாக்கெட் தைக்கக் கற்றுக்கொண்டிருந்த நேரம் அது. இன்றைக்கும் என் தையல் கடையில் அதைத்தான் வைத்திருக்கிறேன். வேறு யார் கையில் எடுத்தாலும் எனக்குக் கோபம் வரும்.

அப்பாவுக்கு மெடல்கள் நான்கு. ஒரே பட்டையில் வரிசையாகத் தைத்து, பின்னால் ஊக்கு வைத்தது. வருஷத்தில் ஒரு நாள் போகிக்கு அவற்றுக்குக் குளியல். அம்மா வெள்ளிக் குத்துவிளக்கைத் தேய்ப்பது போலத் திருநீறு போட்டுத் தேய்ப்பாள். "இது வெள்ளி இல்லடி, சும்மா" என்று அப்பா சொன்னாலும் கேட்க மாட்டாள். தேய்த்து, ஈரத்துணியில் துடைத்து, வெயிலில் வைப்பாள். பொங்கல் முடிந்து சில நாளில் குடியரசு தினம் வந்துவிடும். அப்பா சட்டையில் குத்திக்கொண்டு விழுப்புரத்துக்குக் கிளம்புவார். அங்கே முன்னாள் வீரர்கள் ஒரு கல்யாண மண்டபத்தில் கூடுவார்கள். கொடியேற்றம், பிரியாணி, பழைய கதை. அம்மா போன பிறகு தேய்ப்பது என் பொறுப்பானது. எனக்குத் திருநீறெல்லாம் இல்லை, துணி வைத்து ஒரு துடை, அவ்வளவுதான்.

அந்த மண்டபத்தில்தான் ஒரு வருஷம் அது நடந்தது. நானும் கூடப் போயிருந்தேன். அப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டதால் தனியாக விடுவதில்லை. மூத்த வீரர்களை ஒவ்வொருவராக மேடைக்கு அழைத்து, அவர்களுடைய சர்வீஸ் விவரத்தை வாசித்து, பொன்னாடை போர்த்துவதாக ஏற்பாடு. அதற்காக எல்லோருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் நகல் வாங்கி வைத்திருந்தார்கள். பட்டாளத்தை விட்டு வரும்போது கொடுக்கிற புத்தகம் அது. சேர்ந்தது, போன இடம், வாங்கிய மெடல், எல்லாம் அதில் இருக்கும். வாசித்தவர் வயதில் சின்னவர், அவரும் பட்டாளத்தில் இருந்து வந்தவர்தான். அப்பா மேடை ஏறியதும் கிட்டே குனிந்து மெதுவாகத்தான் கேட்டார்.

"ஐயா, உங்க புக்குல மூணு மெடல் தான் ஏறியிருக்கு. நாலு போட்டிருக்கீங்களே?"

மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் கையில் இருந்த மைக்கை அணைக்கவில்லை. மண்டபம் முழுக்கக் கேட்டது.

கேட்டவரின் முகம் சுருங்கிப்போனதை நான் பார்த்தேன். அவர் வேண்டுமென்று செய்யவில்லை. அதெல்லாம் அப்போது எனக்கு எங்கே உறைத்தது? மேடைக்கு ஓடி அந்த மைக்கைப் பிடுங்கி எறிய வேண்டும் போல இருந்தது. அப்பா பட்டையைக் கழற்றிக் கர்ச்சீப்பில் சுற்றிப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். பொன்னாடையை வாங்கிக்கொண்டு இறங்கி வந்தார். பிரியாணி சாப்பிடவில்லை. பஸ்ஸில் திண்டிவனம் வரும் வரைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார்.

"புக்குல உட்டுப்போச்சின்னா சேத்துக்கலாம்பா. மனு போட்டா ஆவாதா?" என்று வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"ஒண்ணும் வாணாம். உட்டுடு."

"அது என்ன உட்டுடு? பொய்யா போட்டுக்கினு வந்த மாதிரி ஆயிடுச்சே."

"உட்டுடுன்னு சொன்னா உட்டுடணும்."

அடுத்த வருஷம் அவர் விழுப்புரம் போகவில்லை. கூப்பிட்டவர்களிடம் முட்டி வலி என்றார். முட்டி வலி வந்தவர் டிவியில் தேசிய கீதம் வந்ததும் லுங்கியோடு எழுந்து விறைத்து நின்றதை நான் சமையலறையில் இருந்து பார்த்தேன். மெடல் இல்லாத வெறும் சட்டை. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். இவர் உத்தரவைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க நான் ஒன்றும் இவருடைய பட்டாளத்து ஆள் இல்லை.

டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, துணி வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு விழுப்புரத்தில் முன்னாள் படைவீரர் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே வேலையில் இருந்த ஒரு அம்மா பொறுமையாகக் கேட்டார். பனிமலை மெடல் மட்டும் ஏறவில்லை என்றேன். எங்கள் வீட்டில் அதற்கு அதுதான் பெயர். ரொம்ப உயரத்தில், பனியில் காவல் இருந்ததற்குக் கொடுத்தது.

"அந்த மலைக்குச் சொந்த யூனிட்டோட போனாரா, வேற யூனிட்டுக்கு அனுப்பி வச்சாங்களா?"

"இரவலா அனுப்புனாங்கன்னு சொல்லுவாரும்மா. அப்பாவையும் அவரு கூட்டாளியையும் மட்டும்."

"அப்ப அதான். குடுத்தது ஒரு இடம், புக்கு இருந்தது ஒரு இடம். இவரு மட்டும் இல்ல, நெறைய பேருக்கு இப்படி இருக்குது. ஒண்ணும் பயப்படாதீங்க. மெடலோட விளிம்புல அவரு நம்பரும் பேரும் வெட்டியிருக்கும். அத நல்லா தெரியற மாதிரி போட்டோ எடுத்து மனுவோட குடுங்க. ஆவணம் வச்சிருக்கற எடத்துக்கு நாங்க அனுப்பறோம்."

இவ்வளவு சுலபமான காரியத்துக்கா ஒரு வருஷமாக மனிதர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குச் சிரிப்புகூட வந்தது.

மறுநாள் பட்டையைக் கடைக்கு எடுத்துப் போய் மிஷின் விளக்குக்கு அடியில் வைத்தேன். மெடலின் முகத்தை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். விளிம்பை யார் பார்க்கிறார்கள்? ஒரு ரூபாய் நாணயத்தின் ஓரத்தை யாராவது படிப்பார்களா? திருப்பினேன். அம்மா தேய்த்த திருநீறெல்லாம் பொடிப்பொடியான எழுத்துக்குள் போய் அடைத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் வெள்ளை வெளேரென்று நின்றது. கண்ணாடிகூட வேண்டியிருக்கவில்லை.

நம்பர் அப்பாவுடையது இல்லை.

மறுபடி படித்தேன். சின்ன வயதில் எத்தனை கடிதத்தில் எழுதியது, எனக்கா தெரியாது? அது வேறு நம்பர். பக்கத்தில் இருந்த பெயர் கோட்டக்குப்பத்து மாமாவுடையது. அந்த மண்டபத்து ஆள் கேட்டது சரிதானோ என்று ஒரு நினைப்பு வந்தது. வந்ததற்காக என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. மற்ற மூன்றையும் திருப்பிப் பார்த்தேன். மூன்றிலும் அப்பாவின் நம்பர்தான்.

அன்று சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டுப் போய், அவர் முன்னால் பட்டையை வைத்தேன்.

"இது மாமாவோடதுப்பா."

அப்பா பட்டையையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. "ஆபீசுக்குப் போனியா?" என்றார்.

"போனேன்."

"சொன்னா கேக்க மாட்ட. உங்கம்மா மாதிரியே." அப்புறம் சொல்ல ஆரம்பித்தார்.

"மலைய உட்டு எறங்கனதும் ரெண்டு பேருக்கும் ஒண்ணா குடுத்தாங்க. ஒண்ணா லீவு. லீவு முடிஞ்சா அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், ஆர்டர் போட்டுட்டாங்க. நான் திண்டிவனத்துல எறங்கியிருக்கணும். எறங்கல. அவன் விழுப்புரத்துல எறங்கி பாண்டிச்சேரி வண்டிக்கு மாறணும். அது வரிக்கும் கூடவே போயிட்டேன். ஸ்டேஷன்ல டீ குடிச்சிக்கினு இருக்கும்போது அவன் தான் சொன்னான். மச்சான், உன்னுத என்கிட்ட குடு, என்னுத நீ வச்சிக்க. மலைல பக்கத்துல படுத்தவன் காலைல எழுந்திரிக்கல, பாத்தோம்ல. நாளைக்கி எனக்கு ஒண்ணு ஆனா நான் உன் ஊட்ல இருப்பேன். உனக்கு ஒண்ணு ஆனா நீ என் ஊட்ல இரு. அப்டின்னான். மாத்திக்கினோம்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். வண்டி வந்துடுச்சி."

இந்தச் சமாச்சாரத்தை அம்மாவிடமும் சொல்லவில்லையாம். சொல்ல என்ன இருக்கிறது என்றார். ரெண்டு பட்டாளத்துக்காரர்கள், ரயிலடியில் கைக்குட்டை மாற்றிக்கொள்வது போல, சர்க்கார் பெயர் வெட்டிக் கொடுத்த மெடலை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். இப்படி ஒரு வேலையை இவர்களைத் தவிர யாரும் செய்திருக்க மாட்டார்கள். எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

"இத அன்னிக்கே மேடையில சொல்லியிருக்கலாமேப்பா!"

"என்னான்னு சொல்றது? புக்குலயும் இல்ல, நம்பரும் அடுத்தவனுது. இரவல் மெடல் குத்திக்கினு வந்தான்னு சொல்லுவாங்க. அவன் பேரும் சேந்து கெடும்."

"அப்ப உங்களுது அத்தை கிட்ட தான இருக்கும்? போயி வாங்கியாந்து போட்டோ புடிச்சா முடிஞ்சிது."

அப்பாவுக்கு அப்போதுதான் உண்மையான கோபம் வந்தது. "அவனே இல்ல. அவன் பொண்டாட்டி கிட்ட போயி, என் மெடலக் குடும்மான்னு கேக்கறதா? எந்த மூஞ்சிய வச்சிக்கினு கேப்பேன்?"

மாமா இறந்து சில வருஷம் ஆகியிருந்தது. அடக்கத்துக்குப் போய் வந்தவர், அதற்கப்புறம் கோட்டக்குப்பம் பக்கமே போகவில்லை. நோன்புக்கு நோன்பு அங்கிருந்து கஞ்சி வரும், இவர் வாங்கிக்கொள்வார், போக மாட்டார். அவன் இல்லாத வீட்டில் எனக்கு என்ன வேலை என்பார். நான்தான் பேஜாரு பண்ணி, சாப்பிடாமல் உட்கார்ந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பாண்டிச்சேரி பஸ்ஸில் ஏற்றினேன். மாமாவின் மெடலைப் பட்டையில் இருந்து பிரித்துக் கொடுத்தேன். சட்டைப் பையில் வைத்து, போகும் வழியெல்லாம் அதன்மேல் கையை வைத்துக்கொண்டே வந்தார்.

அத்தை வாசலிலேயே அப்பாவைப் பார்த்துவிட்டு, வெள்ளைத் துப்பட்டியை இழுத்து விட்டுக்கொண்டு, "வாங்கண்ணே. வழி தெரிஞ்சிதா இப்பத்தான்?" என்றார். அவ்வளவுதான் கோபம். டீ வந்தது, பிஸ்கட் வந்தது. அப்பா மழையைப் பற்றிப் பேசினார், பஸ்ஸைப் பற்றிப் பேசினார், முட்டி வலியைப் பற்றிப் பேசினார். என்னால் பொறுக்க முடியவில்லை. நானே எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டேன்.

அத்தை கேட்டுக்கொண்டே எழுந்து போய் பீரோவைத் திறந்தார். மாமாவின் கைக்கடிகாரம், பாஸ்போர்ட் எல்லாம் இருந்த தட்டில் இருந்து ஒரு சின்னத் துணிப் பொட்டலத்தை எடுத்து வந்தார். கருத்துப் போன மெடல். விளிம்பில் என் அப்பாவின் நம்பர்.

"இது அண்ணனோடது, யாரு கேட்டாலும் குடுக்காத, அவரு கேட்டா மட்டும் ஏன்னு கேக்காம குடுத்துடுன்னு சொல்லியிருந்தாரு. நீங்க தான் கேக்கவே வரல." பிறகு கையை நீட்டினார். "அப்ப அவரோடது உங்ககிட்ட இருக்கா? நான் பாத்ததே இல்லண்ணே."

அப்பா பையில் இருந்து எடுத்துக் கொடுத்தார். அத்தை அதை வெளிச்சத்தில் பிடித்து, பெயர் இருந்த விளிம்பைப் பெருவிரலால் தடவினார்.

"இது என்ன, எழுத்தெல்லாம் வெள்ளையா?"

"அம்மா வருஷா வருஷம் திருநீறு போட்டுத் தேப்பாங்க அத்தை. உள்ள போயி ஒக்காந்துக்கிச்சி."

அத்தை என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். "அப்ப எங்க ஊட்டுக்காரருக்கு இத்தினி வருஷமா உங்க ஊட்ல விபூதி பூசிக்கினு இருந்திருக்கீங்க!" என்று சிரிக்க ஆரம்பித்தவர், சிரிப்பை நிறுத்த முடியாமல் துப்பட்டியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்பா சிரித்ததை அன்றைக்குத்தான் ரொம்ப நாளைக்குப் பிறகு பார்த்தேன்.

சிரிப்பு அடங்கியதும் அத்தைதான் கேட்டார். "அண்ணே, உங்க புக்குல ஏறலன்னா, இவரு புக்குலயும் ஏறியிருக்காதுல்ல?"

எடுத்துப் பார்த்தோம். மாமாவின் புத்தகத்திலும் மூன்றுதான் இருந்தது. எனக்கு இது தோன்றவே இல்லை. அப்பாவுக்காக ஓடிக்கொண்டிருந்தவளுக்கு, அதே மலையில் அதே பனியில் நின்ற இன்னொரு ஆளின் நினைப்பு வரவில்லை.

"ரெண்டு மனுவா போடு" என்றார் அப்பா. கெஞ்சல் இல்லை, உத்தரவு.

ரெண்டு மெடலையும் அந்த வீட்டு ஜன்னலோரத்தில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு, அப்போதைக்கு அவை இருந்த கைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, ரெண்டு மனு போட்டேன். அப்பாவுடையதற்குச் சீக்கிரமே பதில் வந்துவிட்டது. மெடல் ஏறிவிட்டது, புத்தகத்தைக் கொண்டுவந்து பதிந்துகொள்ளலாம் என்று விழுப்புரத்து அம்மா போன் செய்தார். நான் தெருவெல்லாம் கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டே வீட்டுக்குள் ஓடினேன்.

"அவனுக்கு?" என்றார் அப்பா.

"வரும்பா. மாமா இல்லாததனால அத்தையோட சான்றெல்லாம் கேட்டிருக்காங்க. கொஞ்சம் லேட்டாவும்."

"அப்ப வரட்டும்."

குடியரசு தினம் வந்தது. பட்டையைத் தயாராக வைத்து, சட்டையை இஸ்திரி போட்டு வைத்தேன். போக மாட்டேன் என்றுவிட்டார். மழைக்காலத்தில்தான் மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்திருந்தார். அடுத்த வருஷம் இந்த மனிதர் இருப்பாரா என்ற பயம் எனக்கு. "ஒரு தடவ குத்திக்கினு போயி நின்னுட்டு வாங்கப்பா, உங்க காலுல உழுறேன்" என்றேன். "ரெண்டு பேரும் தான் மலைக்குப் போனோம். நான் மட்டும் எறங்கி வர்றதா?" என்றார். அந்த வருஷம் முழுக்க அவர் இருமும்போதெல்லாம் எனக்கு உயிர் போய் வந்தது. விழுப்புரத்துக்கு நான் நடந்த நடையில் அந்த அலுவலகத்து வாட்ச்மேனுக்கே என்னைப் பழக்கமாகிவிட்டது.

மாமாவுக்கும் வந்தது. போகிக்கு முன்னாலேயே வந்துவிட்டது.

அத்தைக்காக மாமாவின் மெடல்களைப் புதுப் பட்டையில் தைத்தேன். கணவனுடையதை மனைவி அணிந்தால் வலது பக்கம் குத்த வேண்டும் என்று அப்பா சொன்னார். அத்தை கொடுத்தனுப்பியிருந்த, அப்பாவின் நம்பர் போட்ட பனிமலை மெடலை எடுத்தபோது கை நின்றது. இனிமேல் அவரவருடையது அவரவரிடம் போக வேண்டாமா? அத்தைக்குப் போன் செய்தேன்.

"அவரு குடுத்தத நான் எப்பிடிம்மா திருப்பி வாங்கறது? அண்ணன் கிட்டயே இருக்கட்டும். அண்ணனோடது என்கிட்ட இருக்கட்டும்."

அப்படியே தைத்தேன், மாமாவின் பட்டையில் அப்பாவுடையது, அப்பாவின் பட்டையில் மாமாவுடையது.

மண்டபத்தில் அத்தை முன்வரிசையில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வெள்ளைத் துப்பட்டியின் வலது பக்கம் நான்கு மெடல். இந்தத் தடவை வாசித்தது வேறு ஒருவர். மறைந்த வீரர்களில் இருந்து ஆரம்பித்தார். மாமாவின் பெயரையும் நம்பரையும் வாசித்து, மெடல்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். நான்காவதையும் சொன்னார். அத்தை எழுந்திருக்கப் பார்த்தார், முடியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அப்பா எழுந்து நின்றார். விறைப்பாக, தாடையைத் தூக்கிக்கொண்டு.

ஏற்பாட்டுக்காரர் ஒருவர் ஓடி வந்து குனிந்து, "ஐயா, இது உங்க பேரு இல்லீங்க. உங்களுது அப்புறம் வரும், உக்காருங்க" என்றார்.

அப்பா தலையைத் திருப்பவில்லை. "இதுவும் என்னுது தாம்பா" என்றார்.

அத்தை அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.